தீவனத்தில் கலக்கும் மருந்தும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

கோழிப் பண்ணையும் பால்மாட்டுத் தொழுவமும் வைத்து நடத்தும் குடியானவர்கள், முன்பு இரண்டு வேளை கொடுத்தாலே குணம் காட்டிய மருந்து இப்பொழுது ஐந்து நாள் கொடுத்தும் கேட்பதில்லை என்று குறை கூறுவதுண்டு. மருந்து போலியாயிருக்குமோ, வைத்தியர் நோயைச் சரியாக அறியவில்லையோ என்ற சந்தேகம் எழுவது இயற்கையே. சிற்சில சமயங்களில் அச்சந்தேகம் மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் மருந்தில் பழுதில்லை, கிருமிதான் மாறிவிட்டது. முன்பு அம்மருந்தினால் மாண்ட பாக்டீரியாக் கிருமிகளின் இடத்தில், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன.

இது மாட்டுக்கும் கோழிக்கும் மாத்திரம் உரிய விஷயமன்று. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க்காரணமாய் 2019-ஆம் ஆண்டில் உலகத்தில் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் மனிதர் மாண்டனர் என்று 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி மதிப்பிட்டது. இதற்குப் பெரும் பொறுப்பு, ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் வரம்பின்றி நடக்கும் மருந்துப் பிரயோகத்தையே சாரும். எனினும் பண்ணைக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு எத்தகையது, அதைக் குடியானவர் குறைக்க நினைத்தால் குறையுமா என்பவற்றைச் சில சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் பண்ணைகளிலேயே சோதித்துப் பார்த்திருக்கின்றனர். அவர்கள் கண்ட முடிவு குடியானவருக்கு அனுகூலமானதாகையால், அவ்வாராய்ச்சிகளைச் சற்று விரிவாக அறிதல் நலம்.

தீவனத்தில் மருந்து புகுந்த வரலாறு

ஆண்டிபயாடிக் என வழங்கும் கிருமிக்கொல்லி மருந்துகள் நோயைத் தீர்ப்பதற்காகவே கண்டறியப்பட்டவை. அவை தீவனத்தில் புகுந்தது தற்செயலாக நேர்ந்தது. 1948-இல் அமெரிக்காவில் நியூயார்க் இராஜ்யத்திலுள்ள லெடர்லி பரிசோதனைச் சாலையில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டட் என்னும் இருவர், கோழிக்குஞ்சுகளுக்கு பி-12 வைட்டமினை மலிவாகக் கொடுக்க வழி தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் என்னும் மருந்தைத் தயாரித்தபின் மிஞ்சும் சக்கையில் அவ்வைட்டமின் இருப்பதறிந்து, அச்சக்கையைத் தீவனத்துடன் சேர்த்தனர். குஞ்சுகள் வைட்டமினால் மட்டும் வளரக்கூடிய அளவைக் கடந்து கொழுத்து வளர்ந்தன. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த மருந்தே அதற்குக் காரணமென்பது பின்னர் வெளியாயிற்று.

ஒரு டன் தீவனத்தில் சில கிராம் மருந்து கலந்தால், அதே தீவனத்தில் அதிக எடை கிடைக்குமென்பது சிறிய லாபமன்று. ஆகையால் இவ்வழக்கம் சில ஆண்டுகளுக்குள் பல தேசங்களில் பரவிற்று. நோயில்லாத பிராணிக்கு, நோயைத் தீர்க்கப் போதாத அளவில், நாள்தோறும் மருந்து கொடுப்பது என்பதே இவ்வழக்கத்தின் சாரம். கேடும் அங்கேதான் இருக்கிறது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவிலேயே, போதிய அளவுக்குக் குறைந்த மருந்து கிருமிகளைக் கொல்லாமல் பழக்கிவிடுமென்று எச்சரித்திருந்தார்.

வயலை மேலாக உழுதால் புல் பூண்டெல்லாம் மடிய, கிழங்குள்ள கோரை மட்டும் மிஞ்சுவதையும், போட்டிக்கு வேறு களை இல்லாமையால் அதுவே வயல் முழுவதும் படர்வதையும் குடியானவர் அறிவர். பிராணியின் குடலிலும் இதுவே நிகழ்கிறது. அங்குள்ள கோடானுகோடிக் கிருமிகளுள் மருந்தைத் தாங்கவல்லவை சில எப்பொழுதும் இருக்கும். சொற்ப மருந்து ஏனையவற்றை அகற்றி, இவற்றுக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறது. ஈ. கோலை என்னும் குடற்கிருமி, தக்க சூழ்நிலையில் இருபது நிமிஷங்களுக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகக்கூடியது. ஆகையால் இடம் நிரம்பிவிட நாட்கணக்கே போதும்.

இதனினும் அபாயமான செய்தி ஒன்றுண்டு. 1959-ஐ ஒட்டி ஜப்பானில் சீதபேதிக் கிருமிகளை ஆராய்ந்தவர்கள், மருந்தை எதிர்க்கும் சக்தி ஒரு கிருமியிலிருந்து வேறொரு கிருமிக்குச் செல்வதைக் கண்டனர். இச்சக்தியை உண்டாக்கும் ஜீன்கள், அதாவது மரபணுக்கள், பிளாஸ்மிட் எனப்படும் வளையம் போன்ற சிறு துண்டில் அமைந்திருத்தல் உண்டு. இரண்டு கிருமிகள் நெருங்கும்போது ஒன்று அவ்வளையத்தின் நகலை மற்றதற்குக் கொடுத்துவிடும். தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் பட்டா நிலம் போன்ற சொத்தன்று இது; சந்தையில் கைக்குக் கை மாறும் நாணயம் போன்றது. கோழியின் குடலில் வாழும் சாதுவான கிருமியிடம் உள்ள வளையம், மனிதனுக்கு நோய் விளைக்கும் கிருமியின் கைக்கும் சேரலாம்.

போஸ்டனுக்கு அருகில் ஒரு கோழிப் பண்ணை

அமெரிக்காவில் டப்ட்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லெவி என்னும் பேராசிரியர் இவ்விஷயத்தைப் பண்ணையிலேயே சோதிக்கத் துணிந்தார். போஸ்டன் நகருக்கு அருகில் ஒரு குடும்பத்தார் வசித்த பண்ணையில் சுமார் 300 கோழிக்குஞ்சுகள் வாங்கி விடப்பட்டன. ஒரு பகுதிக்குச் சாதாரணத் தீவனமும், மற்றொரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த மருந்து சிறிதளவு கலந்த தீவனமும் கொடுக்கப்பட்டன. கோழிகளின் எச்சமும், பண்ணையில் வசித்தவர்களின் மலமும், அண்டை வீட்டார் மலமும் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டன.

மருந்துத் தீவனம் தொடங்கிய ஒரு வாரத்திற்குள், அதை உண்ட கோழிகளின் குடற்கிருமிகள் ஏறக்குறைய முழுவதுமே டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவையாயின. இது எதிர்பார்க்கத்தக்கதே. பண்ணையில் வசித்த மனிதரிடத்தும் மெல்ல மெல்ல அதே மாறுதல் தோன்றியதுதான் குறிப்பிடத்தக்கது. ஐந்தாறு மாதங்களுக்குள், அவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மாதிரிகளுள் 31.3 சதவீதத்தில், கிருமிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை மருந்துக்கு அடங்காதவையாயிருந்தன. அண்டை வீட்டாரிடம் எடுத்த மாதிரிகளில் அவ்வாறிருந்தவை 6.8 சதவீதமே. மருந்துத் தீவனத்தை உண்டது கோழி. மாறியது மனிதர் குடல். மேலும், தீவனத்தில் கலந்தது ஒரே மருந்தாயிருக்க, நாளடைவில் கோழியிடத்தும் மனிதரிடத்தும் காணப்பட்ட கிருமிகள் வேறு பல மருந்துகளுக்கும் அடங்காதவையாயிருந்தன. ஒரே வளையத்தில் பல மருந்துகளை எதிர்க்கும் ஜீன்கள் கோத்திருப்பதே இதற்குக் காரணம்.

1976-இல் வெளியான இவ்வாராய்ச்சியில் நம்பிக்கை தரும் பகுதியும் உண்டு. மருந்துத் தீவனம் பண்ணையிலிருந்து நீக்கப்பட்டு ஆறு மாதமானபின், பரிசோதிக்கப்பட்ட பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் அத்தகைய கிருமிகள் தென்படவில்லை.

சீனாவில் கோலிஸ்டின்

ஒரு பண்ணையில் கண்டது ஒரு தேசம் முழுவதற்கும் பொருந்துமா என்ற கேள்வி எழலாம். அதற்கு விடை, கோலிஸ்டின் என்னும் மருந்தின் கதையில் கிடைக்கிறது.

1950-ஐ ஒட்டி ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு கிருமியிலிருந்து கோலிஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. மூத்திரப்பைக்கு மேலுள்ள சிறுநீரகங்களுக்குத் தீங்கு செய்வதால், மனித வைத்தியத்தில் 1970-களில் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. விலை மலிவாகையால் பன்றிக்கும் கோழிக்கும் உரிய தீவன மருந்தாக மட்டும் நிலைத்தது. பிறகு காலம் மாறிற்று. மற்ற மருந்துகள் பயனற்றுப் போகவே, வேறு எதற்கும் அடங்காத கிருமிகளால் பீடிக்கப்பட்ட நோயாளிகளுக்கு, கேடு தெரிந்தும் கோலிஸ்டினையே கொடுக்க வேண்டிய நிலைமை 1990-களின் நடுவிலிருந்து வந்தது. வைத்தியர் கையில் எஞ்சிய கடைசி ஆயுதங்களில் ஒன்று, பன்றித் தொட்டியில் டன் கணக்காகக் கொட்டப்பட்டு வந்தது என்பதை அப்பொழுது பலர் பொருட்படுத்தவில்லை.

2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சீனாவில் ஷாங்காய் நகரைச் சார்ந்த ஒரு பெரிய பண்ணையின் பன்றியிடமிருந்து கோலிஸ்டினுக்கு அடங்காத ஈ. கோலைக் கிருமி ஒன்று எடுக்கப்பட்டது. குவாங்சௌவிலுள்ள தென்சீன விவசாய சர்வகலாசாலையும், பெய்ஜிங்கிலுள்ள சீன விவசாய சர்வகலாசாலையும் அதை ஆராய்ந்தன. கோலிஸ்டினை எதிர்க்கும் சக்தி கைமாறாது என்பதே அதுவரை எல்லோருடைய எண்ணமாயிருந்தது. ஆனால் இக்கிருமியில் அச்சக்தி பிளாஸ்மிட் வளையத்தில் அமைந்து, எளிதில் வேறு கிருமிகளுக்குச் சென்றது. அந்த ஜீனுக்கு எம்.சி.ஆர்-1 என்று பெயரிட்டனர்.

இதன் வேலை நுட்பமானது. கோலிஸ்டின் நேர்மின் தன்மையும், கிருமியின் மேலுறை எதிர்மின் தன்மையும் உடையவை. ஆகையால் மருந்து உறையில் பற்றிக்கொண்டு அதைக் கிழிக்கிறது. எம்.சி.ஆர்-1 ஒரு சிறு ரசாயனப் பொருளை உறையில் ஒட்டி, அதன் எதிர்மின் தன்மையைக் குறைத்துவிடும். மருந்து பற்றுவதற்குப் பிடிப்பின்றிப் போகிறது.

2015 நவம்பரில் இவ்வாராய்ச்சி வெளியாயிற்று. 2011 முதல் 2014 வரை சேகரித்த ஈ. கோலைக் கிருமிகளைச் சோதித்ததில், அறுப்புக்கு வந்த பன்றிகளிடமிருந்து எடுத்த 804-இல் 166-லும், கடையில் விற்ற இறைச்சியில் 523-இல் 78-லும் இந்த ஜீன் இருந்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் எடுத்த 1,322 மாதிரிகளில் 16-இல் மட்டுமே காணப்பட்டது. பிராணியிடம் மிகுதியாகவும் மனிதனிடம் சொற்பமாகவும் இருந்தமையால், அது எங்கே தோன்றி எங்கே செல்கிறது என்பதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. சீனாவில் அக்காலத்தில் கோலிஸ்டின் மனித வைத்தியத்துக்கு அனுமதிக்கப்படவே இல்லை என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். இச்செய்தி வெளியானபின் மற்றத் தேசத்தாரும் தாங்கள் சேமித்து வைத்திருந்த கிருமிகளைச் சோதித்தனர். எல்லாக் கண்டங்களிலும் பற்பல தேசங்களில் அது முன்பே பரவியிருந்தது.

சீன அரசாங்கம் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியிலிருந்து, பிராணிகளைக் கொழுக்க வைப்பதற்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதைத் தடுத்துவிட்டது. நோய்கண்ட பிராணிக்குச் சிகிச்சையாகக் கொடுப்பது தடுக்கப்படவில்லை. இதன் பலனை அதே ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கணக்கெடுத்து 2020-இல் வெளியிட்டனர். 2015-இல் 27,170 டன்னாக இருந்த கோலிஸ்டின் தீவனக் கலவையின் உற்பத்தி, 2018-இல் 2,497 டன்னாகக் குறைந்தது. பன்றிகளின் ஈ. கோலைக் கிருமிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காதவை 34 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகவும், கோழிகளில் 18.1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் இரண்டே ஆண்டுகளில் இறங்கின. எம்.சி.ஆர்-1 உள்ள கிருமியைக் குடலில் தாங்கியிருந்த மனிதர் 2016-இல் 14.3 சதவீதமாயிருக்க, 2019-இல் 6.3 சதவீதமாயினர்.

இவ்வளவு விரைவாகக் குறைந்ததற்குக் காரணமுண்டு. எம்.சி.ஆர்-1 கிருமிக்கு இலவசமாகக் கிடைத்த கவசமன்று. அது மேலுறையையே மாற்றுவதால் கிருமியின் வளர்ச்சி குன்றுகிறது. மருந்து உள்ளவரை அச்சுமையைத் தாங்குவது லாபம். மருந்து நீங்கியபின் சுமையில்லாத கிருமிகள் அதை முந்திவிடும். ஆயினும் அது அடியோடு ஒழிந்துவிடவில்லை. மீண்டும் தீவனத்தில் மருந்து கலந்தால் மீண்டும் தலையெடுக்கும்.

டென்மார்க்கில் நேர்ந்த சிக்கல்

எல்லா இடத்திலும் காரியம் இத்தனை நேராக முடிவதில்லை என்பதற்கு டென்மார்க் சாட்சி. அங்கே பன்றிக்கும் கோழிக்கும் அவோபார்சின் என்னும் மருந்து கலக்கப்பட்டு வந்தது. மனிதருக்கு அவசர காலங்களில் கொடுக்கும் வான்கோமைசினும் அதே இனத்தைச் சேர்ந்தது. 1994-இல் அத்தேசத்தில் மனிதருக்குச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. பிராணிகளின் தீவனத்தில் செலவான அவோபார்சினோ சுமார் 24,000 கிலோ. 1995 மே மாதத்தில் அவோபார்சின் தடுக்கப்பட்டது. கோழிகளின் குடலில் வாழும் ஒருவகை என்டரோகாக்கஸ் கிருமிகளில் வான்கோமைசினுக்கு அடங்காதவை, அவ்வாண்டில் 73 சதவீதமாயிருந்து 2000-இல் 6 சதவீதத்துக்கு இறங்கின.

பன்றிகளிடத்தில் மட்டும் அவை இறங்கவில்லை. இதன் மர்மம் பிற்பாடு விளங்கிற்று. பன்றித் தீவனத்தில் டைலோசின் என்னும் வேறொரு மருந்து தொடர்ந்து கலக்கப்பட்டு வந்தது. டைலோசினை எதிர்க்கும் ஜீனும் வான்கோமைசினை எதிர்க்கும் ஜீனும் ஒரே வளையத்தில் சேர்ந்திருந்தமையால், ஒன்றைக் காப்பாற்றிய மருந்து மற்றதையும் காப்பாற்றிற்று. 1998-இல் டைலோசினும் நிறுத்தப்பட்ட பிறகே பன்றிகளிடத்திலும் அக்கிருமிகள் குறைந்தன. ஒரு மருந்தை விட்டு அதற்குப் பதிலாக இன்னொரு தீவன மருந்தைக் கைக்கொள்வோருக்கு இது முக்கியமான படிப்பினை.

தீவன மருந்தை அறவே நிறுத்தியதால் டென்மார்க் குடியானவருக்குக் கஷ்டமே நேரவில்லை என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். கோழிகளில் இறப்பு மிகவில்லை. ஆனால் தாய்ப்பால் மறக்கச் செய்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் அதிகரித்து, சில காலம் சிகிச்சை மருந்துச் செலவு கூடிற்று. குட்டிகளைச் சற்றுத் தாமதித்துப் பிரித்தல், தீவனத்தில் புரதத்தை மட்டுப்படுத்துதல், கொட்டிலைக் கழுவி உலர்த்திய பிறகே அடுத்த கூட்டத்தை விடுதல் ஆகிய முறைகளால் அதைச் சமாளித்தனர். 1992-க்கும் 2008-க்கும் இடையில், ஒரு கிலோ பன்றிக்குச் செலவாகும் கிருமிக்கொல்லி மருந்து பாதிக்கும் கீழாகக் குறைந்தது. பன்றி உற்பத்தியோ பெருகிற்று. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இம்மருந்துகளைக் கலப்பது 2006 ஜனவரி முதல் தடுக்கப்பட்டது.

பண்ணையில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகள், கோழிகள், மீன் இறால் வளர்ப்பு, தீவனச் சேர்க்கைகள் ஆகியவற்றுக்குக் கோலிஸ்டினைத் தயாரிப்பதும் விற்பதும் 2019 ஜூலையில் மத்திய அரசாங்கத்தால் தடுக்கப்பட்டன. ஆகையால் தீவனப் பையின் சீட்டையும், “வளர்ச்சி டானிக்” என்ற பெயரில் வரும் பொட்டலங்களின் சீட்டையும் வாங்குமுன் படித்துப் பார்த்தல் அவசியம். சீட்டே இல்லாத கலவையை வாங்காதிருத்தலே மேல். கிராம உத்தியோகஸ்தர்களும் சந்தைகளில் இத்தகைய சரக்கைக் காணின் கால்நடை இலாகாவுக்குத் தெரிவிக்கலாம்.

நோய்கண்ட பிராணிக்கு மருந்தே கொடுக்கலாகாது என்பது இவ்வாராய்ச்சிகளின் முடிவன்று. கொடுக்கும்போது கால்நடை வைத்தியர் குறித்த முழு அளவையும், குறித்த நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். பிராணி எழுந்து நின்றுவிட்டதென்று இரண்டாம் நாளே நிறுத்துவதும், மிஞ்சியதை அடுத்த மாட்டுக்கென்று மாடத்தில் பத்திரப்படுத்துவதும் வழக்கமாயிருக்கின்றன. இவ்விரண்டும் மேலே கூறிய அரைகுறை உழவுக்கு ஒப்பானவை. மருந்து நிறுத்தியபின் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் விற்கலாகாத நாட்கள் மருந்துச் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அவை கழியுமுன் விற்றல் கூடாது. பசுவின் மடிவீக்கத்தில், நோய் லேசாயிருக்கும்போது பாலைப் பரிசோதனைக்கு அனுப்பி, கிருமியின் இனம் தெரிந்தபின் மருந்திட்டால் போதுமென்றும், பல பசுக்களுக்குக் கிருமிக்கொல்லியே தேவைப்படுவதில்லையென்றும் சர்வகலாசாலைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சலும் தீவன வெறுப்பும் கண்ட பசுவுக்கு இவ்வாறு காத்திருத்தல் தகாது.

தடுப்பூசியின் பெருமையைக் கூற நார்வே தேசத்துச் சால்மன் மீன் வளர்ப்பு ஒன்றே போதும். 1987-இல் அங்கே மீன்களுக்குச் சுமார் 50 டன் கிருமிக்கொல்லி செலவாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் நல்ல தடுப்பூசிகள் வந்தபின், மீன் உற்பத்தி பன்மடங்கு பெருகியும், மருந்து நூற்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்துவிட்டது. கிருமியைத் தின்னும் நுண்கிருமியாகிய பாக்டீரியோபேஜைக் கொண்டு சிகிச்சை செய்யும் முறையும் மறுபடி ஆராயப்படுகிறது. இது புதிதன்று, பெலிக்ஸ் தெரெல் என்னும் ஆராய்ச்சியாளர் 1919-இலேயே பிரான்ஸில் கோழிகளின் டைபாய்டு நோய்க்கு அதைப் பிரயோகித்துப் பார்த்தார். புது மருந்துகளைத் தேடுவோர் மண்ணையே மீண்டும் நாடுகின்றனர். டைக்சோபாக்டின் என்ற பொருள், அமெரிக்காவில் மெயின் இராஜ்யத்து மண்ணில் வாழும் கிருமியிலிருந்து 2015-இல் கண்டறியப்பட்டது. ஆனால் கண்டறிந்த பொருள் மருந்தாகி நோயாளியின் கைக்கு வரப் பல ஆண்டுகள் செல்லுமாதலால், உள்ள மருந்துகளைக் கெடாமல் வைத்திருப்பதே இப்பொழுது கைகூடும் வழி.

கடைசியாக எருவைப் பற்றி. மருந்து உண்ட கோழிகளின் எச்சத்தில் மருந்தின் ஒரு பகுதியும், அடங்காத கிருமிகளும் கலந்திருக்கும். அதைப் பச்சையாகக் கீரை, காய்கறிப் பாத்திகளில் இடுதல் நல்லதன்று. குவித்து, ஈரம் காத்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும்படி மக்க வைத்து, இடையிடையே கிளறி விட்டால், அக்கிருமிகளில் பெரும்பாலானவை மடியும். ஜீன்கள் முற்றும் அழிவதில்லை, ஆயினும் வெகுவாகக் குறைவதுண்டு. குவியலை கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், மழைநீர் அடித்துச் செல்லாத மேட்டில் அமைக்க வேண்டும். காலங்கடந்த மருந்துப் புட்டிகளை வாய்க்காலிலோ எருக்குழியிலோ எறியாமல், அருகிலுள்ள கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டு அவர்கள் சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்துவது நலம்.